பழைய மடிக்கணினியும் ஓர் அமானிதமும்

நமது இல்லத்துக் கூடத்தில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தது. மகள் படிப்பை முடித்தாள். மணமாகி வேலூருக்குப் போனாள். கணினி மட்டும் சந்தவாசலிலேயே தங்கிவிட்டது. மேற்கே சவ்வாது மலை, கிழக்கே ஆரணி என இருக்க, போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்தது நமது ஊர். ஆரணிப் பட்டு நெய்யும் தறிகளின் ஒலி இப்பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. அந்தத் தறிக்கும் நமது கணினிக்கும் ஓர் உறவு உண்டு. அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

2025ஆம் ஆண்டின் இறுதியில் கணினியின் நடை தளர்ந்தது. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் பருகிவிட்டு வந்தாலும் திரை முழுமையாக விழித்திராது. இடமில்லை என்று ஒரு சிவப்புக் கோடு நாள்தோறும் எச்சரித்தது. போதாததற்கு, அதில் ஓடிய விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நமதோ ஏழாம் தலைமுறை.

ஆரணியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். "பாய், இது எட்டு வருஷத்து மெஷின். இதுக்குச் செலவு பண்றது வீண். எக்சேஞ்சுல கொடுத்துட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். தவறாகச் சொல்லவில்லை, அவருடைய தொழில் அது. நாமும் ஏறத்தாழ இசைந்துவிட்டோம். ஆனால், "உள்ளே இருக்கறதையெல்லாம் அழிச்சிட்டு விலை போட்டுடலாமா?" என்று அவர் கேட்டபோதுதான் நெஞ்சு துணுக்குற்றது. உள்ளே இருப்பது என்ன என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். கணினியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம்.

உள்ளே இருந்தது நமது தந்தையாரின் வாழ்நாள் உழைப்பு.

தந்தையார் ஆரணித் தறிகளுக்கு டிசைன் வரைந்து கொடுத்தவர். கட்டம் போட்ட தாளில் முதலில் பென்சிலாலும் பின்னர் வண்ணத்தாலும் மயிலும் மாங்காயும் அன்னமும் கொடியும் தீட்டுவார். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். தாளில் வரைந்ததைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி பாவு இழையை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். இவ்வளவுதான். துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களால் ஒரு மயில் தோகை விரித்துவிடும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய முறை இது. அவருடைய உருவத்தையே பட்டில் நெய்து 1839இல் காட்டினார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதே துளை அட்டையைக் கொண்டுதான் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவரின் பொறி எண்ணி முடித்தது. கணினியின் நினைவுக்கு முன்னோடி நெசவாளியின் அட்டை என்பது வெறும் புகழ்ச்சியன்று, வரலாறு.

2018ஆம் ஆண்டு, தந்தையாருக்குப் பார்வை மங்கத் தொடங்கிய காலத்தில், அவருடைய வரைதாள்கள் 412ஐயும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் சேர்த்தோம். மகள் படமெடுக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து எந்தத் தாள் எந்த ஆண்டு எவருக்காக வரைந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பேச்சை மூன்று ஒலிப்பதிவுகளாகச் சேர்த்து வைத்தாள். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தாள்களை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம். எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்ற நிம்மதியில் அதன் பிறகு பரணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

நமது தங்கை மகன் சென்னையில் கணினிப் பணி பார்ப்பவன். விடுமுறையில் வந்திருந்தவனிடம் நடந்ததைக் கூறினோம். "மாமா, மெஷின்ல கோளாறே இல்ல. உள்ளே இருக்கற எஸ்.எஸ்.டி.தான் சின்னது, நிரம்பிப் போச்சு. அதை மட்டும் மாத்திட்டா இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்றான். ஒரு சக்கரம் தேய்ந்ததற்காக வண்டியையே விற்க இருந்தோமே என்று நாணினோம்.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன என்பதை அவன் விளக்கியபடியே இங்கே தருகிறோம். பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. சுழலும் தட்டு; அதன் மேல் அசையும் முனை. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தும் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் உயிர். கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகளில் மின்னேற்றத்தை அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மின்சாரம் நின்றாலும் அது வெளியேறுவதில்லை. அறையில் ஏற்றம் உண்டா இல்லையா, உண்டெனில் எவ்வளவு என்று பார்த்தே எழுத்தும் படமும் மீட்கப்படுகின்றன. துளை உண்டு, துளை இல்லை என்ற அதே பழைய கதை!

ஆர்வம் மிகுதியால் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டிக்குரிய ஓர் அட்டையில் 240 இடங்கள். கணினிக் கணக்கில் 30 பைட். நமது பழைய எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 128 ஜிகாபைட். அதை அட்டையில் குத்துவதானால் ஏறத்தாழ 427 கோடி அட்டைகள் வேண்டும். அத்தனையும் ஒரு விரல் அகலத் தகட்டில்! வியப்புத்தான். ஆனால் வியப்போடு ஓர் அச்சமும் வர வேண்டும். 427 கோடி அட்டை எரிய ஒரு பெருந்தீ வேண்டும். இந்தத் தகடு சாக ஒரு நொடி போதும்.

கணினி ஏன் தளர்ந்தது என்பதற்கும் அவன் காரணம் சொன்னான். எஸ்.எஸ்.டி.யில் எழுதிய இடத்தின் மேலேயே மீண்டும் எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பின்னரே புதிதாக எழுத இயலும். காலியிடம் இருந்தால் அது ஓய்வு நேரத்தில் அழித்துத் துப்புரவு செய்து ஆயத்தமாக வைத்துக்கொள்ளும். நிரம்பி வழிந்தால் அதற்கும் மூச்சு முட்டும். ஆகையால் பத்தில் ஒரு பங்கையாவது, கூடுமானால் ஐந்தில் ஒரு பங்கை, காலியாக விட்டு வைப்பது நலம்.

எழுதி அழிப்பதற்கு அந்த அறைகளுக்கு ஓர் ஆயுட்காலமும் உண்டு. 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. சிலவற்றுக்கு மொத்தம் 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உறுதி கூறுகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் அதை எட்ட 41 ஆண்டுகள் ஆகும். எனவே வீட்டுக் கணினியில் தேய்மானத்தைவிட, அதை ஆளும் சிறு சில்லும் மின்சாரத் தடுமாற்றமுமே அஞ்சத் தக்கவை. ஹார்ட் டிஸ்க் கெடுமுன் பெரும்பாலும் கரகரவென்று முனகிக் காட்டும். எஸ்.எஸ்.டி. முனகுவதில்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை. அவ்வளவுதான்.

இனி நமது பேதைமையைச் சொல்ல வேண்டும். மருமகன் சென்னைக்குத் திரும்பியதும், அடுத்த முறை அவன் வருவதற்குள் பொருளை நாமே வாங்கி வைப்போம் என்று முந்திக்கொண்டோம். கடையில் இருந்தவற்றுள் மிக வேகமானது எதுவோ அதைக் கேட்டு வாங்கினோம். வந்து பார்த்த மருமகன் சிரித்துவிட்டான். பழையதைப் போலவே 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்; எம்.2 என்ற அதே வடிவம். ஆனால் மொழி வேறு. நமது கணினியின் அந்தச் செருகுவாய் சாட்டா என்னும் பழைய முறையை மட்டுமே அறியும். நாம் வாங்கியதோ என்.வி.எம்.இ. என்னும் புதிய முறை. பொன் நிறப் பல்வரிசையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்.வி.எம்.இ. வகையில் பெரும்பாலும் ஒன்றே. வெட்டை மட்டும் நம்பாமல், கணினியின் கையேட்டையும் பார்த்துவிட்டு வாங்குவதே முறை. உறை பிரித்த பொருளுக்குக் கடைக்காரர் சிறிது கழித்துக்கொண்டு மாற்றித் தந்தார். அவரைக் குறை சொல்ல இடமில்லை, அவசரம் நம்முடையது. வேகம் குறைவானதை வாங்குகிறோமே என்று மனம் ஏங்கியதும் வீண். சாட்டா முறையே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். மடிக்கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100ஐ ஒட்டியே தள்ளாடும்.

பொருள் வந்தது. இனி மாற்ற வேண்டியதுதானே? மருமகன் இரண்டு வழிகளைக் கூறினான். ஒன்று, பழையதில் உள்ளதை ஒரு புள்ளியும் மாறாமல் புதியதில் அப்படியே படியெடுப்பது. குளோன் என்கிறார்கள். நெசவாளர் இதைக் கேட்டால், "இது பாவு பிணைக்கிற வேலைதானே!" என்பார். பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிப் பிணைத்துவிட்டால், தறியின் அமைப்பைக் கலைக்காமல் நெசவு தொடரும். மற்றொரு வழி, புதியதில் புதிதாகவே எல்லாவற்றையும் நிறுவி, நமது கோப்புகளை மட்டும் கொண்டு வந்து சேர்ப்பது.

"குளோன் போட்டுடலாம் மாமா, ஒரு மணி நேர வேலை" என்றான் அவன். அந்த நேரத்தில் தந்தையார் பட்டறையில் அடிக்கடி கூறும் சொல் நினைவுக்கு வந்தது: "அட்டை கிழிஞ்சா தறி நிக்கும். வரைதாள் இருந்தா வேற அட்டை குத்திக்கலாம். வரைதாளைத் தறிகிட்ட வைக்காதே." முதலில் தந்தையாரின் கோப்புகளைத் தனியே ஓர் வெளி டிஸ்க்கில் எடுத்து வை, பிறகு மற்றது என்றோம். அவனும் இசைந்தான்.

படியெடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் நின்றது. ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. அதைத் தாண்டினால் இன்னொன்று. முடிவில் கணக்கிட்டபோது 11 வரைதாள்களின் படங்களும் ஓர் ஒலிப்பதிவும் திறக்க மறுத்தன. ஏழு ஆண்டுகள் எவரும் தொடாத அறைகள்; எப்போது கெட்டனவோ, யார் கண்டார்? குளோன் எடுத்திருந்தால் ஒன்று அது பாதியில் நின்றிருக்கும். அல்லது கெட்டதைக் கெட்டபடியே புதியதில் கொண்டு சேர்த்திருக்கும். கூடத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. துணைவியார்தாம் முதலில் எழுந்தார். "பரண்ல பெட்டி இருக்குல்ல?" என்றார்.

டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தோம். ஒரு மூலையில் கரையான் ஏறியிருந்தது. 11இல் 9 தாள்கள் முழுதாகக் கிடைத்தன. ஒலிப்பதிவுக்காக மகளை அழைத்தோம். "மூணும் என் போன்ல இருக்கு அத்தா. அப்பப்போ போட்டுக் கேப்பேன்" என்றாள். அவள் கேட்பது நமக்குத் தெரியாது. அன்று மாலையே அனுப்பி வைத்தாள்.

எஞ்சிய இரண்டு தாள்களையும் கரையான் தின்றுவிட்டது. தந்தையாரின் குறிப்பேட்டில் அவற்றின் பெயர்கள் மட்டும் இருந்தன. ஒன்று, நமது திருமணத்துக்காக அவர் வரைந்த கொடிக்கரை. அந்தச் சேலை துணைவியாரின் பீரோவில் இருக்கிறது. இழைகளை எண்ணித் தாளில் மீண்டும் வரைந்துவிடலாம்; வரையத் தொடங்கியும் விட்டோம். மற்றொன்றைக் குறித்து அவர் எழுதியிருப்பது இரண்டே சொற்கள்: "மாங்காய், சிறியது." அது எப்படி இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியாது.

மறுநாள் மாற்று வேலை நடந்தது. அது நாம் அஞ்சிய அளவுக்குப் பெரிய வித்தையன்று. கணினியை முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, அடி மூடியின் திருகாணிகளைச் சிறிய திருப்புளியால் கழற்றினான். எந்தத் திருகு எந்த இடத்தது என்று குழம்பாதிருக்க, ஒரு தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே ஒட்டி வைத்தான். பழைய ஏ.டி.எம். அட்டையை ஓரத்தில் நுழைத்து மூடியை நெம்பினான். முதல் வேலையாக மின்கலத்தின் இணைப்பை எடுத்தான். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நுண்பொருளைக் கெடுக்காதிருக்க, இடையிடையே உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டான். எஸ்.எஸ்.டி.யைப் பிடித்திருப்பது ஒரே திருகு. அதைக் கழற்றியதும் தகடு தானே சாய்வாக எழுந்தது. புதியதை அதே சாய்வில் செருகி, மெல்ல அழுத்தி, திருகை இட்டான். தறியில் அறுந்த ஓர் இழையை எடுத்துக் கட்டும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

விண்டோஸ் 10க்குத் திரும்பிப் போவதில் பயனில்லை என்பதால் லினக்ஸ் நிறுவினான். விலை இல்லை, தமிழும் தடையின்றி வருகிறது. இப்போது விசையை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை ஆயத்தமாகிறது. 500 ஜிகாபைட்டில் பெரும்பகுதி இன்னும் காலி. விண்டோஸையே வைத்துக்கொண்டு மாற்றுவோர், பிட்லாக்கர் என்னும் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சொந்த வீட்டு வாசலிலேயே நிற்க நேரும்.

கழற்றிய பழைய தகட்டை என்ன செய்வது? குப்பையில் எறியலாமா? கடையில் கொடுக்கலாமா? இங்கேதான் அமானிதம் என்ற சொல்லை நினைக்க வேண்டியிருக்கிறது. அதில் நம் வீட்டுப் பெண்மக்களின் படங்கள் இருந்தன; ஆதார் நகல், நிலப்பத்திரம், வங்கிக் கணக்கு இருந்தன; தந்தையாரிடம் டிசைன் ஒப்படைத்த பிறருடைய பெயர்களும் கணக்குகளும் இருந்தன. கோப்பை அழித்தோம் என்பதாலேயே அது அழிந்துவிடுவதில்லை. தெரிந்தவர் கைபட்டால் மீண்டு வரலாம். நல்ல நிலையிலுள்ள எஸ்.எஸ்.டி.யை முழுதாக அழிக்க அதற்கென்றே அமைந்த கட்டளை உண்டு. நமது தகடோ கெட்ட அறைகள் உள்ளது. அக்கட்டளையை மட்டும் நம்ப மருமகன் விரும்பவில்லை. அழித்த பின்னர் சில்லுகளையும் உடைத்தான். மிச்சத்தை மின்கழிவு பெறுவோரிடம் சேர்க்கத் தனியே எடுத்து வைத்தோம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

பழைய எஸ்.எஸ்.டி.யையே பெட்டகமாகப் பூட்டி வைக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். கூடாது. நெடுங்காலம் மின்சாரம் காணாமல் கிடந்தால், அறைகளில் அடைத்த ஏற்றம் சிறுகச் சிறுகக் கசிந்து போகும்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் ஒன்றே. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டத்தின் வழியே மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் கிடைத்தன. அவற்றுள் பல இன்றும் நம் வீடுகளின் பீரோக்களில் உறங்குகின்றன. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவை. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு அவை மீண்டும் உதவக்கூடும். அண்டை வீட்டுக் கணினிகள் இரண்டை மருமகன் அவ்வாறே எழுப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சென்னைக்குப் பேருந்து ஏறினான். தூக்கி எறியுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்குமுன், உள்ளே உள்ளதை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். படியெடுத்ததோடு நில்லாமல், அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

நமது இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று தந்தையாரின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் சேர்த்துச் சரிபார்க்கிறோம். மற்றொரு படி வேலூரில் மகளிடம் இருக்கிறது. வரைதாள்களைக் கரையான் ஏறாத இரும்புப் பீரோவுக்கு மாற்றிவிட்டோம். குறிப்பேட்டில் "மாங்காய், சிறியது" என்ற வரிக்கு எதிரே ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப நம்மால் இயலாது. அத்தகைய இடம் இன்னொன்று சேராமல் காப்பதே இனி நமது பொறுப்பு.